கடைசிப் பக்கத்துச் சீப்பு

இறந்துபோனவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நகரத்தின் ஓரத்துத் தொழிற்பேட்டையான ஷ்வேப்யிதாவின் மண்சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். தொழிற்சாலைகளின் இரும்புக் கதவுகள் பூட்டியிருந்தன. பஸ் நிற்கும் இடம் இடது பக்கம் என்று தெரியும். ஆனாலும் வலது பக்கம் நடந்திருக்கிறேன். ஒரு சிமெண்ட் கிடங்கின் சுவர் குறுக்கே வந்து சாலை முடிந்தபோதுதான் அது தெரிந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காவல்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினேன்.

நான் செத்தவர்களைப் பார்க்காதவன் இல்லை. பெரும்புயல் அடித்த வருஷம் ஆற்றுமுகத்தில் சோற்றுக்காகப் பிணம் புதைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வழி தவறியதில்லை. அன்று தவறியது. மூன்று வருஷத்துக்கு முன் பசுண்டாங் ஓடையில் செத்துப்போனவள் என்று ஒரு தெருவே சொல்லிக்கொண்டிருந்த பெண், தலைக்குக் குளித்து ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, "இன்னும் ஒரு தம்ளர் குடிங்க அண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொன்னால் யாருக்குத்தான் வழி தவறாது?

நான் அங்கே போனது புத்தகங்களால்.

நகரத்தின் நடுவே லான்மடாவில் ஒரு குறுக்குத்தெருவில் வாடகைப் புத்தகக் கடையில் இரண்டு வருஷம் வேலை செய்தேன். அதற்கு முன் ரப்பர் தோட்டம், செங்கல் சூளை, லாரியில் மூட்டை என்று ஊர் ஊராகப் போனவன். ஐந்தாம் வகுப்பு வரை பௌத்த மடத்துப் பள்ளிக்கூடத்தில் பர்மி மொழி படித்தேன். கோயில் சாயங்கால வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றேன். அவ்வளவுதான் படிப்பு. ஆனால் கையில் தையல் ஊசி பிடிக்கத் தெரியும். அந்தக் கடைக்கு அதுதான் தேவைப்பட்டது. புதுப் புத்தகம் வந்தால் அட்டையைக் கழற்றி, நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் தனியாகத் தைத்து, கஞ்சிப் பசை தடவித் தடித்த அட்டை போட வேண்டும். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு பேர் எடுத்துப் போகலாம். முதல் பாதி ஒருவரிடம், இரண்டாம் பாதி இன்னொருவரிடம்.

இன்னொரு வேலையும் உண்டு. துப்பறியும் கதையைப் படித்து முடித்தவர்களில் சில குறும்புக்காரர்கள் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்துவிடுவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் நான் ரப்பரால் அழிப்பேன். "இன்னைக்கு எத்தனை கொலைகாரனைத் தப்பிக்க விட்டீங்க?" என்று கடைக்காரி கேட்பாள்.

அழிக்கக் கூடாத ஒன்றும் இருந்தது. வாடிக்கையாளர்கள் கதையை முடித்ததும் கடைசிப் பக்கத்தின் மூலையில் தங்கள் அடையாளத்தைச் சின்னதாகப் போட்டுவைப்பார்கள். படித்த கதையையே மறுபடி எடுத்துவிடாமலிருக்கத்தான். ஒருவருக்கு மீன். ஒருவருக்குப் பிறை. ஓய்வுபெற்ற துறைமுகக் குமாஸ்தாவுக்கு இரண்டு கோடு. அடையாளத்தைப் பார்த்தே யார் என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

கடைக்காரியை எல்லாரும் அமா என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மியில் அக்கா என்று அர்த்தம். என்னைவிட மூன்று வயது இளையவள், ஆனாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அப்பா தமிழர், அம்மா பர்மியர். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினொரு வருஷம் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது தாண்டிப்போயிருந்தது. அவள்மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கூரையில்லாதவன் அதை வெளியில் எடுத்து வைப்பதில்லை.

எங்கள் கடையில் அதிகம் ஓடியவை இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளைப் பர்மியில் எழுதியவை. அநேகமாக எல்லாக் கதையும் ஒரு பெரிய வீட்டில் நடக்கும். வெளியே பனி. பணக்காரக் கிழவர் தேநீர் குடித்துச் சாவார். வீட்டில் எட்டுப் பேர். அதில் ஒரு ஏழைப் பெண் மேல் சந்தேகம் விழும். விசாரிக்க வந்த ஆளுக்கு அவள்மேலேயே மனசு போகும். இல்லாவிட்டால் அவள் காதலிப்பவன் மேல் சந்தேகம் விழும், அவள் ஒருத்தி மட்டும் அவனை நம்புவாள். நான் ஒவ்வொரு கதவையும் கடிகாரத்தையும் மனசில் குறித்துக்கொண்டே போவேன். அமா விசாரணை வரும் பக்கங்களை மொத்தமாகப் புரட்டிவிடுவாள்.

"அதுல என்ன இருக்கு அகோ? எத்தனை மணிக்கு மணி அடிச்சது, யார் எந்தக் கதவு வழியா போனாங்க. எனக்கு வேண்டியது அந்தப் பொண்ணு தப்பிச்சாளா, அந்த ஆள் வாயைத் திறந்து சொன்னாரா." அண்ணனைப் பர்மியில் அகோ என்பார்கள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கொன்னது யாருன்னு தெரிய வேணாமா?"

"யாரோ ஒருத்தன். எப்பவும் யாரோ ஒருத்தன்தானே."

"அந்தக் காதல் இருக்கே, அது சும்மா திரை அமா. நீங்க ரெண்டு பேர் கையைப் பிடிச்சதைப் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, அந்தப் பக்கம் ஒருத்தன் கோப்பையை மாத்தி வைப்பான்."

"தப்பு. கொலைதான் திரை. ஒருத்தர் செத்தாத்தான் அந்த வீட்டு மனுஷங்க மனசுல இருக்கிறதைப் பேசுறாங்க. இல்லாட்டி முன்னூறு பக்கமும் டீதான் குடிச்சிட்டு இருப்பாங்க."

இதில் யார் சொன்னது சரி என்று இரண்டு வருஷம் சண்டை போட்டோம். அவளிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. கதாநாயகி யாரை நம்புகிறாளோ அவன் கொலைகாரன் இல்லை. அவன் மேல் எவ்வளவு பழி விழுந்தாலும் கடைசியில் அவன் கை சுத்தமாகத்தான் இருக்கும்.

அந்தச் சட்டத்தை வைத்துத்தான் அவள் பேட்டரிக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தாள்.

பேட்டரிக்காரர் எங்கள் கடைக்கு எதிர்வரிசையில் நாலு கதவு தள்ளிக் கடை வைத்திருந்தார். மின்சாரம் போய்ப்போய் வருவதால் பேட்டரிக்கு நல்ல வியாபாரம் நடக்க வேண்டிய காலம். ஆனால் அவரிடம் அடுத்த தெருக்காரர்கள்தான் வருவார்கள். எங்கள் தெருவில் யாரும் போக மாட்டார்கள். நான் கடையில் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் மனைவி காணாமல் போனாள். இரண்டு நாள் கழித்துத் தாகேதாவுக்குப் போகும் பாலத்தருகே ஓடைக் கரையில் அவளுடைய செருப்பும் குடையும் கிடைத்தன. பிணம் கிடைக்கவில்லை. போலீஸ் கூப்பிட்டு விசாரித்து விட்டுவிட்டது. தெரு விடவில்லை. "தள்ளிவிட்டுட்டான்" என்றது. அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை. கடையில் மனைவியின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார். இடது கன்னத்தில் மச்சம், அகன்ற நெற்றி.

அமாவின் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "கொலைகாரனுக்குக் கழுத்தை நீட்டறேன்னா நீட்டிக்கோ. குடும்பத்துல ஒரு ஆள் வர மாட்டோம். கதைப் புஸ்தகம் படிச்சுப் படிச்சு உனக்கு மூளை கழண்டு போச்சு." கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் அழவில்லை. புத்தகங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"இவ்வளவு துப்பறியும் கதை படிக்கிறீங்களே அகோ. போய் ஒரு சாட்சி கொண்டாங்களேன். அண்ணன் வாயை அடைச்சாப் போதும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணன் வராத கல்யாணம் அவளுக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அப்பா இல்லை, அம்மா இல்லை. கைப்பிடித்துக் கொடுக்க அவர் ஒருவர்தான்.

அந்த வாரமே ஷ்வேப்யிதாவில் மூடிவிட்ட ஒரு வாடகைக் கடையின் புத்தகங்கள் இரண்டு சாக்கில் வந்து இறங்கின. கடைகள் மூடும்போது இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் புத்தகம் போகும். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் பார்த்தேன். ஒரு துப்பறியும் கதையின் இரண்டாம் பாதி. கடைசிப் பக்கத்தில் மீன் இல்லை, பிறை இல்லை. ஒரு சீப்பு இருந்தது. ஐந்து பல், மூன்றாவது பல் பாதியில் ஒடிந்தது, மேலே ஒரு புள்ளி.

அந்தச் சீப்பு எனக்குத் தெரியும். எங்கள் கடையின் பழைய புத்தகங்கள் நாற்பது ஐம்பதில் அது இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் யாருடையது என்று கேட்டேன். அமா குரலைத் தாழ்த்தி, "செத்துப்போனவங்களோடது. அழிச்சுடாதீங்க, பாவம்" என்றாள். பேட்டரிக்காரரின் மனைவி.

பழைய புத்தகமாக இருக்கும், எங்கள் கடையிலிருந்தே எப்போதோ அங்கே போயிருக்கும் என்று நினைத்தேன். சாக்கிலிருந்து முதல் பாதியைத் தேடி எடுத்துப் பிரித்தேன். அச்சிட்ட வருஷம் போன வருஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். போன வருஷம்தான். அவள் செத்து இரண்டு வருஷம் கழித்து அச்சான கதையை அவள் படித்து முடித்து அடையாளம் போட்டிருக்கிறாள்.

புத்தகத்தைச் சாக்குக்கு அடியில் போட்டுவிட்டு வெளியே போய் வெற்றிலை போட்டேன். அமாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூடிய கடையின் சொந்தக்காரர் அதே இடத்தில் வெற்றிலை மடித்து விற்றுக்கொண்டிருந்தார். சீப்பு அடையாளம் போடுவது யார் என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. "காலர் தைக்கிற பொண்ணு. பூவாப் போடேன், அழகா இருக்கும்னு எத்தனை தடவை சொன்னேன். சீப்புதான் போடுவேன்னு பிடிவாதம். கடை மூடினதுல எனக்கு வருத்தமோ இல்லையோ, அவளுக்குத்தான் வருத்தம்." பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை அறைகளைக் காட்டினார். தையல் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் இடம்.

அவள் வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே மச்சம். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். மாலை போட்ட படத்தில் இருப்பவள் அசைவதைப் பார்க்கிறவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தேன். தமிழில் பேசினேன்.

"லான்மடாவிலேருந்து வரேன்."

அவள் கத்தவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க. வெளிய நிக்காதீங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"அவர் அனுப்பினாரா?"

"இல்ல. புத்தகக் கடையில வேலை செய்யறேன். சீப்பைப் பாத்தேன்."

கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பேரை மாத்தினேன், முடியை வெட்டினேன், ஊர்க்காரங்க வர்ற கோயிலுக்குக்கூடப் போகல. இதை மாத்தணும்னு தோணவே இல்ல பாருங்க. படிச்சதையே திரும்ப எடுத்துடுவேனோன்னுதான் பயம்."

"அவர் அடிச்சாரா?"

"அவரா? கொசுவைக்கூடக் கையால விரட்டித்தான் விடுவார்."

"பின்ன ஏன்?"

"எல்லாரும் இதையே கேப்பாங்கன்னுதான் செத்தேன்." துண்டைப் பிழிந்தாள். "நல்ல மனுஷன். எனக்கு அங்க மூச்சு முட்டிச்சு. இதை யார்கிட்ட சொல்ல முடியும்? எங்க அப்பாகிட்ட போனா கையோட கூட்டி வந்து திரும்ப விட்டுட்டுப் போவார். செத்தவளைத் திரும்பக் கொண்டுவந்து விட முடியாதே. செருப்பையும் குடையையும் வச்சிட்டு வெறுங்காலோட பஸ் ஏறினேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"ஆறாம் நாள் நானே போன் பண்ணேன். படகு வச்சுக்கிட்டு ஓடை முழுக்கத் தேடறார்னு கேள்விப்பட்டேன், மனசு கேக்கல. உயிரோட இருக்கேன்னும் இந்த இடத்தையும் சொன்னேன். அப்புறம், 'நாளைக்கு ஏழாம் நாள், பிக்குகளுக்குச் சோறு போடச் சொல்றாங்க, என்ன பண்ணட்டும்'னு கேட்டார். போடுங்கன்னேன். போட்டார்."

தம்ளர் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. உயிரோடிருக்கும் மனைவிக்கு, அவளிடமே கேட்டு, ஏழாம் நாள் காரியம் செய்திருக்கிறார்.

"தெரு முழுக்க அவரைக் கொலைகாரன்னு சொல்லுதும்மா."

"தெரியும். வேணும்னா உண்மையைச் சொல்லிடுங்கன்னு அப்புறம் ஒரு தடவை போன்ல நானே சொன்னேன். ஓடிப்போனவ புருஷன்னு பேர் வாங்கறதுக்கு இது தேவலைன்னார். அப்படித்தான் சொன்னார். ஆனா அது காரணமில்ல." தரையைப் பார்த்தாள். "சொன்னா எங்க அப்பா வந்து என்னை இழுத்துட்டுப் போவார். அதான். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடியற பௌர்ணமிக்கு வருவார். வாசல் கேட்டுக்கு வெளியவே நிப்பார். நான் நல்லா இருக்கேனான்னு பாத்துட்டுப் போயிடுவார். பேசினதுகூட இல்ல."

அவருக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம் என்றேன். யாரோடு என்றும் சொன்னேன். அவள் முகம் நிஜமாகவே மலர்ந்தது.

"புத்தகக் கடை அமாவா? நல்லவங்க. எனக்கு எத்தனையோ தடவை ரெண்டு பாதியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. பண்ணிக்கட்டும். நீங்க சொல்லாதீங்க."

"சொன்னா அவர் மேல இருக்கிற பழி போகுமே."

"போகும் அண்ணே," என்றாள். என் கையிலிருந்த தம்ளரை வாங்கி வைத்தாள். "எங்க இருக்கேன்னு மட்டும் யாருக்கும் தெரிய வேணாம்."

இடம் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மற்றதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. சிமெண்ட் கிடங்குச் சுவர் வரை நடந்து, திரும்பி வந்து பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நின்றுகொண்டே வந்தேன். பாதி வழியில் அதிர்ச்சி கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் ஒரு சந்தோஷம் ஏறியது. கதைகளில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்துத் துப்பறிகிறவர் சொல்வாரே, அதுபோல அமாவிடம் எப்படித் தொடங்குவது, எதை எதற்குப் பிறகு சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். கொலையே நடக்கவில்லை. அவள் நம்பியவன் நிரபராதி. அவளுடைய சட்டம் ஜெயித்துவிட்டது. இதைவிட நல்ல செய்தியை யார் கொண்டுவர முடியும்?

கடைக்கு வந்தபோது ஐந்து மணி இருக்கும். மின்சாரம் இல்லை. வாசலருகே ஸ்டூலைப் போட்டு, அமா கல்யாணத்துக்கு வாங்கிய துணியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலே, அவள் இருக்கும் இடத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அச்சிட்ட வருஷத்தைக் காட்டினேன். சாட்சியை அண்ணனிடம் எப்படிச் சொல்லலாம், இடத்தைச் சொல்லாமல் எப்படிச் சமாளிக்கலாம் என்பது வரை சொன்னேன்.

"உயிரோட இருக்காங்களா?" என்று அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிஷம் வரை எல்லாம் சரியாகத்தான் போனது.

பிறகு அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். விசாரணைப் பக்கங்களைப் புரட்டித் தள்ளுகிறவள், அன்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அவருக்கு எப்பத் தெரியும்?"

"ஆறாம் நாள்."

"ஏழாம் நாள் சோறு போட்டப்ப நானும் போயிருந்தேன். அழுதார் அகோ. நடிப்பு இல்ல, நிஜமா அழுதார்." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "எந்தப் பௌர்ணமிக்குப் போவார்னு சொன்னாங்க?"

"மழைக்காலம் முடியற பௌர்ணமி. விளக்கு வைக்கிற நாள்."

"போன வருஷம் அன்னைக்கு அவர் வருவார்னு விளக்கெல்லாம் வாங்கி வச்சு உக்காந்திருந்தேன். ராத்திரி வந்து, புத்தர் கோயிலுக்குப் போனேன், கூட்டம்னார்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அதனால என்ன அமா. கை சுத்தம்னு ஆயிடுச்சே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"மூணு வருஷம் அகோ. அவர் நடந்தா பொம்பளைங்க பிள்ளையை உள்ள இழுத்துக்கறாங்க. டீக்கடையில அவர் பக்கத்துல ஒருத்தன் உக்காரல. கடையில ஈ ஓட்டறார். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் போயிருக்கும். சொல்லல. அவ நிம்மதியா இருக்கணும்னு சொல்லல. இதுக்கு என்ன பேர்?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"நீங்க கொலை நடக்கலைன்னு கண்டுபிடிச்சீங்க. நான் இப்ப கேட்டது வேற கதை," என்றாள். "கொன்னிருந்தாக்கூட ஏதோ ஆத்திரம்னு நினைச்சிருப்பேன். அவ முடிஞ்சு போயிருப்பா. இது முடியவே முடியாதே."

எழுந்து துணியை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். மேல்மாடியிலிருந்து யாரோ கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பேட்டரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுவது தெரிந்தது. அமா பேசுவது தெரிந்தது. அவர் பக்கத்திலிருந்த பேட்டரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் தெரிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"மறுக்கல." ஸ்டூலில் இருந்த துணியை எடுத்து மடித்தாள். "கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் போனேன். இல்ல, சொல்லத்தான் போனேனான்னு தெரியல. அந்தப் பேச்சை எடுக்கிறதுக்குள்ள அவர் கேட்டுட்டார்."

"என்னன்னு?"

"'அகோ அவளைப் பாத்தாரா? இளைச்சிருக்காளா?'"

வெளியே ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிச் சத்தம் போட ஆரம்பித்தன.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"பயமா இருக்கு, வேணாம்னுட்டேன்னு சொல்லுவேன். அவன் சந்தோஷப்படுவான். 'நான் சொன்னேன்ல'ன்னு தெரு முழுக்கச் சொல்லுவான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று வரை தெரு சொன்னது வெறும் சந்தேகம். கல்யாணம் நின்றதும் அதுவே சாட்சியாகிவிடும். பழியை நீக்கப் போனவன் அதை ஆணி அடித்து நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். அதை மறுத்து அவளும் வாய் திறக்கப் போவதில்லை. பேட்டரிக்காரரைப் போலவே அவளும் ஷ்வேப்யிதாவில் காலர் தைக்கும் பெண்ணைக் காப்பாற்றப் போகிறாள்.

"நீங்க எதுக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க."

"நான் சொன்னேன். நீங்க எதுக்குப் போனீங்க?"

அந்த மனைவி உயிரோடிருந்தால் இந்தக் கல்யாணத்துக்கு என்ன ஆகும் என்று பஸ் ஏறும்போது எனக்குத் தெரியாதா? தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன். அந்தக் கதைகளில் துப்புத் துலக்கியவனுக்குக் கடைசிப் பக்கத்தில் பெண் கிடைப்பாள். அப்படி ஒரு நினைப்பு எங்காவது மூலையில் இருந்ததா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"நாளைக்கு வராதீங்க அகோ," என்றாள். "உங்க மேல கோபம் இல்ல. உங்களைப் பாத்தா எனக்கு இந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்."

கடையின் பரணில்தான் நான் படுப்பது. இரண்டு கைலி, சட்டை, ஊசிப் பெட்டி எல்லாம் ஒரு பையில் அடங்கின. தாகேதாவில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு வராந்தாவில் படுத்தேன். தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன்.

காலையில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மர வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"படிச்சிருக்கியா?"

"கொஞ்சம்."

"இதுக்கு அது வேண்டாம்," என்று ஆணி பிடுங்கப் பின்பக்கம் பிளந்த சுத்தியலைக் கொடுத்தார். கழற்றிய தேக்குப் பலகைகளை முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆணியை வளைக்காமல் பிடுங்கித் தகர டப்பாவில் போட வேண்டும். பலகை பிளக்கக் கூடாது. முதல் பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.